லாமெக் ஜெரேவுக்கு வந்த மரியாதை

பக்கவாதம் வந்தபோது லாமெக் ஜெரேயின் வலது கையை முடக்கிப் போட்டது. வாயிலிருந்த சொற்களையும் ஒன்றுவிடாமல் வாரிக்கொண்டு போனது. போகிற போக்கில் ஒரே ஒரு சொல்லை மட்டும் மறந்து விட்டுவிட்டுப் போயிற்று. அதுவாவது உருப்படியான சொல்லா என்றால் அதுவுமில்லை.

"திங்கட்கிழமை."

தண்ணீர் வேண்டுமென்றாலும் திங்கட்கிழமை, கால் மரத்துப் போனாலும் திங்கட்கிழமை. பாதிரியார் வீடு தேடி வந்து தலைமேல் கை வைத்து உருகி உருகி ஜெபித்தார். ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் ஜெரே கணீரென்று திங்கட்கிழமை என்றார். இத்தனைக்கும் அவருக்கு வாதம் வந்தது ஒரு வியாழக்கிழமை.

உள்ளே மட்டும் ஒன்றும் குறையவில்லை. பிறர் சொல்வதெல்லாம் புரிந்தது. பதிலும் உடனுக்குடன் மனதில் தயாரானது, முன்பைவிடக் காரமாகவே. நாக்குக்கு வந்து சேரும்போதுதான் அது காணாமல் போனது. எழுதிக் காட்டலாமென்றால் எழுதும் கைதான் படுத்துவிட்டதே! லுசாகா நகரத்துச் சிலெஞ்சேப் பேட்டையில் இருபத்தாறு வருஷம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். லுசாகாவில் வண்டி ஓட்டுபவர்களில் பாதிப்பேர் தன்னிடம் திட்டு வாங்கிக் கற்றவர்கள், மீதிப்பேர் கற்காமலே ஓட்டுகிறவர்கள் என்பது அவர் கட்சி. வாயை வைத்துப் பிழைத்த மனிதருக்கு வாயில் மண் விழுந்தால் எப்படி இருக்கும்?

ஆனாலும் அவரைக் கலங்கடித்தது வாதமல்ல. மரியாதை.

ஜெரே ங்கோனிக்காரர். மனைவி பிரிஸ்கா பெம்பாக்காரி. அந்த இரண்டு கூட்டத்துக்கும் முப்பாட்டன் காலத்தில் வெட்டுக்குத்து நடந்ததாம். பிறகு ஈட்டியைக் கீழே போட்டுவிட்டு, இனிமேல் வாயாலேயே குத்திக்கொள்வது என்று சமாதானமானார்களாம். அன்றுமுதல் கேலிமுறை. அத்தை மகன், மாமன் மகள் கேலியெல்லாம் இதன் கால்தூசு பெறாது. முன்பின் தெரியாத பெம்பாக்காரன்கூட வங்கி வரிசையில் ஜெரே என்ற பெயரைக் கேட்டால், "எலியெல்லாம் கணக்குத் திறக்க வந்தாச்சா?" என்று கேட்கலாம். கேட்க வேண்டும், கேட்காவிட்டால்தான் மனத்தாங்கல். எலியை அவித்து, குச்சியில் குத்திக் காயவைத்து, முடியோடு தின்பவர்கள் ங்கோனிகள் என்பது பெம்பாக்களின் பாட்டு. குரங்கைக் குழம்பு வைப்பவர்கள் பெம்பாக்கள் என்பது ங்கோனிகளின் எசப்பாட்டு. கோபப்பட்டவர் தோற்றவர்.

சாவு வீட்டுக்கும் விலக்கில்லை. பக்கத்துத் தெரு பெம்பாப் பெரியவர் இறந்தபோது ஜெரே சவவண்டிக்கு முன்னால் மல்லாந்து படுத்துக்கொண்டார். காட்டில் குரங்குகளெல்லாம் கொண்டாட்டத்தில் இருப்பதாகவும், அவற்றின் சார்பில் நன்றி சொல்லாமல் வண்டியை விடமாட்டேனென்றும் அடம் பிடித்தார். அழுதுகொண்டிருந்த பெரியவரின் மனைவி சிரித்துவிட்டாள். அதற்காகத்தான் முறை என்று ஒன்று இருக்கிறது.

இப்படிப்பட்ட இருவர் கல்யாணம் செய்துகொண்டால் வீடு எப்படியிருக்கும்? முப்பத்தோரு வருஷம் அப்படித்தான் இருந்தது. "ஏ எலி, வளையை விட்டு வா, சோறு ஆறுது" என்பாள் பிரிஸ்கா. "இன்னைக்கு எந்த மரத்துலேர்ந்து இறக்கினே?" என்று கேட்டுக்கொண்டே கை கழுவுவார் ஜெரே. விருந்தாளிகள் முதல் நாள் பயப்படுவார்கள், இரண்டாம் நாள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

அப்பேர்ப்பட்ட பிரிஸ்கா, அவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று, மண்டியிட்டுக் கஞ்சிக் கோப்பையை நீட்டி, "பாஷி சிசோமோ, கொஞ்சம் குடிக்கிறீங்களா?" என்றாள். மகள் சிசோமோவின் தகப்பனாரே என்று, நேற்றுக் கல்யாணமான பெண் மாதிரி, தலையைக் குனிந்துகொண்டு!

ஜெரே கோப்பையைத் தொடவில்லை. டாக்டர் இவளிடம் ஏதோ சொல்லியிருக்கிறார், தனக்கு நாள் குறித்தாயிற்று என்று முடிவு கட்டினார். பிறகு இன்னும் யோசித்துப் பார்த்தார். செத்தவனைக்கூடக் கேலி செய்கிற ஜனங்கள் இவர்கள். அவர்களே மரியாதை கொடுக்கிறார்கள் என்றால் இது சாவைவிட மோசமான ஏதோ ஒன்று. அன்றிலிருந்து மீனில் முள் எடுத்து ஊட்டினாள், காலுக்குத் தலையணை வைத்தாள், ஒரு தடவைகூட எலி என்று சொல்லவில்லை. வீடு சர்ச் மாதிரி அமைதியாகிவிட்டது. இவருக்குப் பேச்சு வந்தால்தான் அவளுக்கு வாய் வரும். அவளுக்கு வாய் வந்தால்தான் அது வீடு. அதனால் பேச்சு வேண்டும். எப்படியாவது வேண்டும்.

பெரிய ஆஸ்பத்திரியில், உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் ஒரு ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. வாதத்தில் பேச்சு இழந்தவர்களுக்குப் பன்னிரண்டு வாரம், தினம் ஒரு மணி நேரம் பயிற்சி. மிச்சமிருக்கும் சொல்லைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை ஒவ்வொன்றாக இழுத்து வெளியே கொண்டுவருவது. பலிக்கிறதா, எவ்வளவு பலிக்கிறது என்று அளந்து பார்ப்பதுதான் ஆராய்ச்சி. சேர்வதற்கு ஒரே ஒரு நிபந்தனை. மூன்று தடவை சோதிப்பார்கள். அதற்குள் நோயாளி தானாக யோசித்து ஒரு சொல்லாவது சொல்ல வேண்டும். நுனி அகப்படாத நூலை எப்படிச் சுற்றுவது? வேறெங்கேயும் இப்படியொரு பயிற்சி இருப்பதாக பிரிஸ்கா விசாரித்தவரை யாரும் சொல்லவில்லை.

முதல் தடவை, பச்சை அங்கி போட்ட இளம்பெண் ஒருத்தி எதிரில் உட்கார்ந்தாள். சட்டையில் பூப்பே கப்பாசா என்று பெயர் குத்தியிருந்தது. கப்பாசா என்றால் அசல் பெம்பா! ஜெரே நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் தாளில் ஜெரே என்ற பெயரைப் படித்தபோது உதடு லேசாகத் துடித்ததையும் கவனித்தார். வரட்டும், வரட்டும் என்று காத்திருந்தார்.

"வணக்கம் பா ஜெரே. நீங்கள் வந்ததற்கு நன்றி. இப்போது சில படங்களைக் காட்டுவேன். ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லுங்கள். அவசரமில்லை."

பெயருக்கு முன்னால் மரியாதைக்கு 'பா' போட்டு, வானொலியில் செய்தி வாசிப்பதுபோல! இவளுக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது! ஆஸ்பத்திரி முழுவதும் தெரிந்திருக்கிறது! எல்லா நோயாளியிடமும் ஒரே வாசகத்தை ஒரே குரலில் சொல்ல வேண்டும், சிரிக்கக்கூடாது, ஒரு வார்த்தை கூட்டக்கூடாது என்பது ஆராய்ச்சியின் விதி என்று அவருக்கு யார் சொல்வது? பூப்பே பாவம், நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

படங்கள் மொத்தம் இருபத்து நான்கு. முதலில் வெளிநாட்டிலிருந்து வந்த படக்கட்டில் பனிமனிதன் ஒன்று இருந்ததாம். பேச்சு நன்றாக இருந்த காவலாளியே அதைப் பார்த்து 'மாவுமூட்டைக்குக் கண் வச்சிருக்கு' என்று சொல்லிவிட்டான். பிறகு உள்ளூர் ஓவியரை வைத்துப் புதிதாக வரைந்திருந்தார்கள். மண்வெட்டி, உரல், மினிபஸ், பூசணிக்காய், முதலை. ஜெரேவுக்கு எல்லாம் தெரிந்தது. மினிபஸ்ஸைப் பார்த்ததும் அதன் ஓட்டுநரைப்பற்றி நாலு வார்த்தை சொல்லவும் ஆசை வந்தது. இருபத்து நான்கு படம், இருபத்து நான்கு திங்கட்கிழமை. ஐந்தரை மாதத்துக்கு உண்டான திங்கட்கிழமைகளை ஒரே அமர்வில் தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்த வாரமும் அதே கதைதான்.

மூன்றாம் தடவை கடைசித் தடவை. இன்றைக்கும் முட்டை என்றால் அவ்வளவுதான், கையைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பிரிஸ்கா வழக்கம்போலச் சுவரோரமாக நாற்காலியில் இருந்தாள். உறவினர் உடனிருக்கலாம், ஆனால் மூச்சு விடக்கூடாது என்பது இன்னொரு விதி. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள், அதற்குள்தான் தன் வாய் இருக்கிறது என்பதுபோல.

மண்வெட்டி போயிற்று, உரல் போயிற்று, முதலையும் போயிற்று. பதினேழாவது படத்தை பூப்பே திருப்பி வைத்தாள்.

எலி.

"இது என்ன, பா ஜெரே?" என்று கேட்டுவிட்டு பூப்பே அவசரமாக ஜன்னலைப் பார்த்தாள்.

ஜெரே அதை உற்றுப் பார்த்தார். இதை அவருக்கு உருவத்திலும் தெரியும், ருசியிலும் தெரியும். பெயர் தொண்டைவரை வந்துவிட்டது. இதோ, உதட்டுக்கு வந்துவிட்டது.

"திங்கட்கிழமை."

பின்னால் கைப்பை தரையில் விழுந்த சத்தம் கேட்டது.

"அடப் பாவி மனுஷா!" பிரிஸ்கா எழுந்து நின்றுவிட்டாள். "மண்வெட்டி தெரியலே, சரி. நீ எங்க அதைத் தொட்டிருக்கே! முதலை தெரியலே, போகட்டும். இதுகூடவா தெரியலே? ஒங்க பரம்பரைச் சோறுய்யா அது! முடியோட முழுங்கத் தெரிஞ்சுது, இப்ப முழிக்கத் தெரியுதா?"

"குரங்கு தின்னி!"

யார் சொன்னது என்று ஜெரேவே திரும்பிப் பார்த்தார்.

பூப்பே மேஜைமேல் கவிழ்ந்துவிட்டாள். மூன்று வாரமாக அடக்கி வைத்திருந்த சிரிப்பு. தோள் குலுங்கியது, படங்கள் சரிந்து தரையில் சிதறின. "ஐயோ, மூணு வாரமா இந்த எலிகிட்ட மரியாதையாப் பேசி எனக்கு வயித்துவலியே வந்துடுச்சும்மா!" என்றாள்.

ஜெரே அவளை வெறித்துப் பார்த்தார். அப்படியானால் சாகவில்லையா? சாகிறவனிடம் இப்படியா சிரிப்பார்கள்? அவருக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

"இன்னொரு வாட்டி சொல்லு!" பிரிஸ்கா ஓடிவந்து அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "சொல்லுய்யா!"

ஜெரே மூச்சை இழுத்துப் பிடித்து, உதட்டைக் குவித்து, கவனமாகச் சொன்னார். "திங்கட்கிழமை."

"போடா எலி வாயா!"

"குரங்கு தின்னி!"

இந்தக் கூச்சலைக் கேட்டுத்தான் டாக்டர் ஹமூங்கா உள்ளே வந்தார். ஆராய்ச்சி அவருடையது. நெடுநெடுவென்று உயரம், மெதுவான பேச்சு, விதி என்று வந்துவிட்டால் கல்லு. நடந்ததை பூப்பே சொன்னாள். அவர் முகம் மலர்ந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூம்பியது.

"எனக்கும் சந்தோஷம்தாம்மா. ஆனா இதை நான் சேத்துக்க முடியாது."

"ஏன் முடியாது? அது வார்த்தை இல்லையா? எங்க வீட்ல தினம் நாப்பது தடவை கேட்ட வார்த்தை!"

"அதனாலதாம்மா. கால்ல கல்லு இடிச்சா ஐயோன்னு வருது, அதை யோசிச்சா சொல்றோம்? ஜெபம், பாட்டு, வசவு, ஒண்ணு ரெண்டு எண்ணுறது, இதெல்லாம் மூளையில வேற பாதையில வருது. முன்வாசல் அடைச்சிருந்தாலும் கொல்லைவழியா வந்துடும். ஒரு வார்த்தை பேச வராதவங்க சர்ச்சுல முழுப் பாட்டையும் பாடறதை நான் பாத்திருக்கேன். இப்ப நீங்க சொல்லச் சொன்னப்ப அவருக்கு வரலை, திட்டினப்ப வந்துச்சு, பாத்தீங்கல்ல? எங்க பயிற்சிக்கு முன்வாசல் வழியா வர்ற வார்த்தை வேணும். அவரே யோசிச்சு, இந்த நேரத்துக்குன்னு, புதுசா."

பிரிஸ்காவுக்கு நாக்கு நமநமத்தது. ஆனால் டாக்டர் டோங்காக்காரர். பெம்பாவுக்கும் டோங்காவுக்கும் கேலிமுறை கிடையாது. வாயை மூடிக்கொண்டு அவரை முறைப்பதைத் தவிர வழியில்லை.

ஜெரேவுக்கோ இன்னொரு வேதனை. டாக்டர் சொல்வது நியாயம் என்று பட்டது. கேலிமுறையிலும் அதுதானே சட்டம்? பழைய வசவைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறவனை எவன் மதிப்பான்? குரங்கு தின்னி என்று மூன்று வயதுப் பிள்ளைகூடச் சொல்லும்.

"சார்," என்றாள் பூப்பே, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கடைசிக் கேள்வி இன்னும் பாக்கி இருக்கு." தாளைத் தள்ளி வைத்தாள். "எதிரில் இருப்பவரோடு ஐந்து நிமிட உரையாடல், நோயாளி சொந்தமாகச் சொல்வதைக் குறிக்கவும்னு போட்டிருக்கு. எதிர்ல இருக்கறவங்க யாரா இருக்கணும்னு போடலையே?"

டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். அவர் எழுதிய விதிதான். இன்னொரு தடவை படித்தார். "போடலை," என்று ஒப்புக்கொண்டார். "அடுத்த பதிப்புல போட்டுடணும். இந்தத் தடவை நீங்க உக்காருங்கம்மா." பென்சிலைத் தானே எடுத்துக்கொண்டார்.

பிரிஸ்கா இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். பூப்பே கடிகாரத்தைத் தட்டிவிட்டாள்.

"என்ன எலி, வளைக்குள்ள வசதியா இருக்கா?"

"குரங்கு தின்னி."

டாக்டரின் பென்சில் அசையவில்லை.

"இருபத்தாறு வருஷம் ஊருக்கெல்லாம் கியர் மாத்தச் சொல்லிக் குடுத்தியே, ஒன் நாக்கை ஒரு இஞ்சு நகத்த முடியலையா? லைசன்ஸ் குடுத்தவன் யாரு?"

ஆகா! எத்தனை வாரமாயிற்று இப்படிக் கேட்டு! ஜெரேவுக்குச் சோறு இறங்கியதுபோல இருந்தது. "திங்கட்கிழமை," என்றார், சந்தோஷமாக.

"ஒங்க முப்பாட்டனுங்க தெற்கேயிருந்து ஆயிரம் மைல் நடந்து வந்தாங்களாமே. போருக்கா வந்தாங்க? ஒரு எலியைத் துரத்திக்கிட்டே வந்து வழி தவறிட்டாங்க!"

இதற்குப் பதில் ஜெரேயிடம் இருந்தது. அருமையான பதில். வழி தவறியவர்கள் வழி பார்க்கலாமென்று மரத்தில் ஏறினார்கள், ஏறினால் அங்கே உங்கள் ஆட்கள் ஏற்கெனவே கிளை கிளையாக உட்கார்ந்திருந்தார்கள் என்று ஒரு பதில். முழுதாக, பளபளவென்று, மனதுக்குள் நின்றது. வாயைத் திறந்தார்.

"குரங்கு... குரங்கு..." கழுத்து நரம்பு புடைத்தது. "குர... திங்கட்கிழமை."

"நாலு நிமிஷம் ஆச்சு," என்றாள் பூப்பே.

பிரிஸ்கா அடுத்ததைச் சொல்ல வாயெடுத்தவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டாள். நெற்றியெல்லாம் வேர்வை. உதடு ஒரு பக்கமாகக் கோணி, உருவமில்லாத எதையோ மென்றுகொண்டிருந்தது. "ஏ எலி... நீ வந்து..." என்று தொடங்கினாள்; குரல் உடைந்துவிட்டது. பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. துடைக்கத் துடைக்க வந்தது.

"போதும் டாக்டர். இவரை வதைக்க வேணாம்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். "வாங்க, பாஷி சிசோமோ. வீட்டுக்குப் போகலாம். பேச்சு வராட்டி என்ன, நான் பாத்துக்கறேங்க."

ஜெரேவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இந்த 'ங்க'வோடு வீட்டுக்குப் போனால், இனிச் சாகும்வரை முள்ளெடுத்த மீனும் குனிந்த தலையும்தான். அவர் இடது கையை நீட்டி அவள் இடுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டார். மரத்தில் ஏறிய முப்பாட்டன்களை அப்படியே விட்டார். அவ்வளவு பெரிய பதில் இந்த வாயில் நுழையாது. எதிரில் இவள் அழுகிறாள். அதற்கு என்ன சொல்வது? அதை மட்டும் தேடினார். கிணற்றிலிருந்து வாளியை இழுப்பதுபோல, நின்று, பிடி மாற்றி, இழுத்தார்.

"அழ..." என்றார். "அழாதே."

பென்சில் தாளைத் தொட்டது.

"சட்டியில..." மூச்சு வாங்கினார். யாரும் உதவிக்கு வரவில்லை. பூப்பே இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். "சட்டியில... விழுது. குரங்கு..."

பழையதுதானோ என்று பென்சில் மேலே எழும்பியது.

"குரங்கு... உப்புக் கரிக்கும்."

கடிகாரம் மணியடித்தது. யாரும் அதை நிறுத்தவில்லை. பிரிஸ்கா துணியால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பூப்பே எழுந்தாள். துணி விலகியபோது, அழுகையும் சிரிப்பும் ஒன்றாகச் சேர்ந்து அவளுக்கு விக்கல் எடுத்துக்கொண்டிருந்தது.

டாக்டர் ஹமூங்கா தொண்டையைச் செருமினார். அவர் கண்ணும் சரியாக இல்லை. ஆனால் விதி விதிதான்.

"தப்பா நினைக்காதீங்கம்மா, கேட்டே ஆகணும். இது இவர் வழக்கமாச் சொல்றதா? நீங்க அழும்போது இதுக்கு முன்னாடி எப்பவாவது சொல்லியிருக்காரா?"

"எப்படி டாக்டர் சொல்லியிருப்பாரு?" என்றாள் பிரிஸ்கா. "முப்பத்தோரு வருஷத்துல இந்த எலி என்னை ஒரு நாளாவது அழ விட்டாத்தானே!"